கம்பி கடிக்கும் குஞ்சமும் பகலில் தூங்கும் கோதண்டமும்

மீன் வாங்க ஜனம் வருகிற ஊரில் நான் பிராணி விற்கிறேன்; அதனால் என் தொழிலில் தினமும் செய்கிற முதல் வேலை, “இது எலி இல்லீங்க” என்று சொல்வதுதான்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு பக்கம் வலைக்கடை, இன்னொரு பக்கம் ஐஸ் உடைக்கிற கொட்டகை, இரண்டுக்கும் நடுவில் என் கடை. பதினாறு வருடம் சார்ஜாவில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் கூண்டு கழுவி, தீனி அளந்து, அப்புறம் விற்பனையும் பார்த்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் ஊருக்குத் திரும்பி இதைத் திறந்தேன். ஐந்தாவது வரை தெலுங்கு, அதன் பிறகு தமிழ் என்று படித்ததால் வாடிக்கையாளர்களின் புலம்பலை இரண்டு மொழியிலும் கேட்டுக்கொள்கிற வசதி எனக்கு உண்டு. ஊர் எனக்கு வைத்திருக்கும் பெயர் எலியக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

டேகுவைப் பற்றி ஒரு வார்த்தை. சிலி நாட்டு மலையடிவாரத்துப் பிராணி. அணிலைப்போல உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும். வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். பார்க்கப் பரம சாது. ஆனால் கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்ததென்றால் அரத்தை எடுத்து உங்கள் பல்லிலேயே தேய்க்கிற மாதிரி இருக்கும். உங்கள் வீட்டில் டேகு இருந்தால் அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இல்லையென்றால் எழுதிக் காட்டியும் புரியாது. நம்மைப் போல அதை அனுபவித்தவர்களுக்குத்தான் இது.

பதினெட்டு நாள் கெடு

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து கோதண்டம் கூண்டோடு கடைக்குள் வந்தார். உள்ளே குஞ்சம். நாலு மாதம் முன்பு அவர் மகள் ரேவதிக்கு நான் விற்ற பெண் டேகு. ரேவதி இப்போது நர்சிங் படிக்கச் சென்னை போய்விட்டாள். விடுதியில் பிராணி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று அம்மா தேவகியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கோதண்டத்தின் கண்கள் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தன. இரவு முழுக்க ஏரியில் இறால் வலை. விடிந்து கரையேறி, வலை உதறி, ஒன்பது மணிக்குப் படுத்தால் குஞ்சம் கம்பியில் கச்சேரியை ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு மாதமாக இதே கதை.

எங்கள் ஏரியில் இறால் நன்றாக வருகிற இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு தவறினால் அடுத்தது சுற்றி வருகிற வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோதண்டத்தின் பாடு சரியாகப் பதினெட்டாம் நாள். தூங்காத கண்ணோடு போய், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓதம் திரும்புகிற நேரத்தில் அசந்துவிட்டால் எல்லாம் போச்சு. அவர் கோபத்தை என்னால் தப்பு சொல்ல முடியவில்லை. குஞ்சம் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கம்பியை வாயில் எடுத்தது.

“கேட்டியா, கேட்டியா? உன் எதிர்க்கயே கடிக்குது பாரு. என் பாடு வர்றதுக்குள்ள இது வாய மூடணும், எலியக்கா. இல்லன்னா எதிர்க்க தீவுல சவுக்குத் தோப்புல வுட்டுட்டு வந்துகினே இருப்பேன். பொண்ணு கேட்டா பூனை தூக்கினு பூடுச்சுன்னு சொல்லிக்கறேன்!”

நாற்பது தடவை பொரி

மறுநாள் தேவகி தனியாக வந்தாள். சவுக்குத் தோப்பில் விட்டால் ஒரு காலைப் பொழுது தாங்குமா என்று கேட்டாள். தாங்காது என்றேன். மேலே பருந்து, கீழே நாய், நடுவில் எங்கள் ஊர் வெயில். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். ரேவதி தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். முதல் கேள்வி, குஞ்சம் எப்படி இருக்கிறது. அதில் தொடங்கித்தான் மெஸ் சாப்பாடு, வார்டு, தலைவலி, அழுகை என்று மற்றதெல்லாம் வரும். “அது இல்லன்னா, ‘சாப்ட்டியா, சாப்ட்டேன்’னு ரெண்டு நிமிசத்துல வெச்சிடுவாக்கா” என்றாள்.

அது கடித்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். ஓடிப்போய் இரண்டு பொரி போடுவாளாம். கம்மென்று ஆகிவிடுமாம். அவர் தூங்க வேண்டுமே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? “ஒரு நாப்பது தபா இருக்கும்.” நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பொரியும் இனிப்பும் டேகு உடம்புக்கு ஆகாது, சீக்கிரம் சர்க்கரை வியாதி பிடித்துக்கொள்ளும். அது ஒரு பக்கம். கடித்தால் பொரி வரும் என்று அது படித்துக்கொண்டுவிட்டது. நம் வீட்டுக் காலிங் பெல் மாதிரி கம்பியை அமுக்கினால் தேவகி ஓடி வருகிறாள். இனிமேல் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்றரை மணிக்கும் மட்டும் காய்ந்த அறுகம்புல்லும் தீனியும்; கடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு துரும்பும் போடக் கூடாது; முதல் நாலைந்து நாள் சத்தம் கூடத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். தேவகி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“அப்போ ரெண்டு மாசமா அதுதான் என்னைப் பழக்கி வெச்சிருக்குதா? எங்க மாமியாரால இருவது வருசமா முடியலியேக்கா!”

ஆரஞ்சுப் பல்

மூன்றாம் நாள் போன். தேவகிதான். குஞ்சம் கொட்டாவி விட்டபோது பார்த்திருக்கிறாள், முன் பல் நான்கும் ஆரஞ்சு நிறம். இரும்பைக் கடித்துத் துருப்பிடித்துவிட்டதா, இல்லை தன் பொரிதான் இப்படிப் பண்ணிவிட்டதா என்று கேட்டாள். சாம்பல் தொட்டுத் தேய்த்துவிடலாமா என்று வேறு.

நல்லவேளை தேய்க்கவில்லை. டேகுவின் பல் ஆரஞ்சாக இருந்தால்தான் அது தெம்பாக இருக்கிறது. வெளுத்துப் போனால்தான் கவலைப்பட வேண்டும். ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிற பல் அது, தேய்வதற்கு ஏதாவது வேண்டும். ஆனால் கம்பியில் தேய்த்தால் பல் கோணிக்கொள்ளும், உடையும், அப்புறம் சாப்பிட முடியாது என்றேன். கடைசியில் சொன்னது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, முதலில் சொன்னது விழுந்துவிட்டது.

“ஆரஞ்சா இருந்தா தெம்புன்னு எங்க வூட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதக்கா. பாக்கு போட்ட பல்ல காட்டிகினு ஊர் பூரா சுத்துவாரு.”

ராஜுவின் வலை

சொன்னபடியே சத்தம் அதிகமாயிற்று. பொரி நின்ற கோபத்தில் குஞ்சம் இரண்டு மடங்கு கடித்தது. அவர் ஒரு நாளாவது தூங்கட்டும் என்று தேவகி அதை என் கடையில் விட்டுவிட்டுப் போனாள். பக்கத்து வலைக்கடை ராஜு வந்து எட்டிப் பார்த்தான். ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரன், எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். கம்பி இருந்தால்தானே கம்பியைக் கடிக்கும் என்றான். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. கூண்டின் ஒரு பக்கக் கம்பியை எடுத்துவிட்டு, கடலுக்குப் போகிறவர்கள் வாங்குகிற தடித்த நைலான் வலையை நாலு மடிப்பாகப் போட்டு, அவர்கள் போடுகிற அதே முடிச்சைப் போட்டான். சுறா முட்டினாலும் அறாது என்று மார் தட்டிவிட்டு டீ சொன்னான்.

டீ வருவதற்குள் குஞ்சம் அவன் கடைத் தராசுத் தட்டில் உட்கார்ந்து மீசை துடைத்துக்கொண்டிருந்தது. அவன் வாலைப் பிடிக்கக் கை நீட்டினான். நான் போட்ட கூச்சலில் ஐஸ் உடைக்கிறவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். டேகுவின் வாலைப் பிடித்தால் வால் தோல் அப்படியே கழன்று கையோடு வரும், திரும்ப முளைக்காது. ஒரு தகர டப்பாவைப் படுக்க வைத்துக் காத்திருந்தேன். அதுவாகவே உள்ளே போயிற்று. ராஜு அறுந்த வலையை எடுத்துச் சுருட்டி, யாருக்கும் தெரியாமல் மூட்டைக்கு அடியில் சொருகினான்.

“என் மேல ஆணை, அக்கா, இது பஜார்ல தெரியக் கூடாது. எலி அறுத்த வலையை எவன் வாங்குவான்?”

மஸ்தான் பாயின் ஜாக்கெட்

பொரியை நிறுத்தியாயிற்று. வலை தோற்றாயிற்று. இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு காரணம் மட்டும் பாக்கி இருந்தது. டேகு கும்பலாக வாழ்கிற பிராணி. ஒண்டியாக விட்டால் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். கம்பி கடிக்கும், தன் முடியைத் தானே பிய்க்கும். சார்ஜாவில் இதைச் சொல்லிச் சொல்லி விற்றவள்தான் நான். ஆனால் இங்கே கடை திறந்த புதிதில், ரேவதி ஒன்று கேட்டாள், அனுப்பம்பட்டில் ஸ்டேஷன் அருகே தையல்கடை வைத்திருக்கும் மஸ்தான் பாய் ஒன்று கேட்டார். கூடப் பிறந்த இரண்டைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்குச் சந்தோஷம் என்று நினைத்தேன். அந்த இரண்டிடமும் யாரும் கேட்கவில்லை.

பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் ரயில். பாயின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கூண்டுக்குள் குஞ்சத்தின் சகோதரி ராணி இருந்தாள். அவளும் கம்பியைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள். முன்னங்கையில் முடி இல்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் பாய் மெஷினை நிறுத்தினார். அவருக்கு அதன்மேல் உயிர். ஆனாலும், “கடையில ஒண்டியா உக்காந்து தைக்கிறவன் நான், அதோட கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? இட்டுனு போ. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து பார்ப்பேன்” என்றார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பட்டு ஜாக்கெட்டை எடுத்து விரித்தார். இடது கையில் வரிசையாக ஏழு ஓட்டை. கம்பி இடுக்கு வழியாக இழுத்து வைத்துக்கொண்டு செய்த வேலை.

“கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டும்மா. நான் இன்னும் கொக்கிகூட வெக்கல, அதுக்குள்ள உன் ராணி காஜா எடுத்து முடிச்சுட்டா!”

ஊர் தூங்குகிற நேரம்

ராணியை இன்னொரு கூண்டில் வைத்துத் தோணிரேவுக்கு எடுத்துக்கொண்டு போனபோது காலை பத்து மணி. தெரு முழுக்கத் தூக்கம். கம்பில் வலை காய்கிறது, நாய்கள்கூடக் காலை நீட்டிப் படுத்திருக்கின்றன. கோதண்டம் வீட்டில் ஜன்னல் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, உள்ளே கும்மிருட்டு. மூலையில் குஞ்சத்தின் கூண்டைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள் தேவகி. கிளி வளர்க்கிறவர்கள் சொன்னார்களாம், மூடிவிட்டால் தூங்கிவிடும் என்று. உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் யாரோ கப்பலை அறுக்கிற மாதிரி இருந்தது. எப்போது ஆரம்பிக்கும் என்றேன். மூடின உடனே என்றாள். எப்போது நிற்கும்? சாயங்காலம் திறந்துவிட்டால் நிற்கும், அப்புறம் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டேகு பகலில் விழித்திருக்கிற பிராணி. பொழுது விடிந்தால் அதற்கு வேலை, பொழுது சாய்ந்தால் தூக்கம். இரவில் ஓடுகிற எலியை வாங்கிவிட்டு இரவெல்லாம் தூக்கம் கெடுகிறது என்று அழுத எத்தனையோ பேருக்கு, “டேகு வாங்குங்க, அது ராத்திரி தூங்கும்” என்று சொல்லியே விற்றிருக்கிறேன். இந்தத் தெருவில் பகல்தான் ராத்திரி என்பது இதே ஊரில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. சார்ஜாவில் ஆறு பேர் இருந்த எங்கள் அறையின் ஜன்னல் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது. வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் என் விரல்களில் நகம் மிஞ்சியதில்லை. தார்ப்பாயை அவிழ்த்தேன். குஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கம்பியை விட்டது. தேவகி நம்ப முடியாமல் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஊரே தூங்கற நேரம்க்கா இது. இது மட்டும் இன்னாத்துக்கு முழிச்சுகினு இருக்கணும்?”

படகுப் பலகை

கூண்டுகள் இரண்டும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போயின. அங்கே நாள் முழுக்க வெளிச்சம், ஆனால் வெயில் படாது. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நாலு மாதம் பிரிந்திருந்தவர்களை எடுத்த எடுப்பில் ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்வார்கள். சூடு தணியக் கூண்டுக்கு ஒரு மண்சட்டியைப் படுக்க வைத்தோம். டேகு மண்ணில் புரண்டுதான் குளிக்கும், அதற்கு நல்ல தூளாக மண் வேண்டும். தேவகி ஏரிக்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்தாள், உப்பும் கிளிஞ்சலுமாக இருந்ததைத் திருப்பிக் கொட்டச் சொல்லி, கடையிலிருந்து கொடுத்தனுப்பினேன். போன மானத்தை மீட்டுக்கொள்ள ராஜு கம்பி வலையில் மூன்று அடுக்குப் பெரிய கூண்டு ஒன்றைக் கட்ட ஆரம்பித்தான்.

ஒன்பதாம் நாள் போனபோது குஞ்சத்தின் கூண்டில் நீல நிறத்தில் ஒரு பலகை. பாய்ந்து வெளியே எடுத்தேன். பழைய படகின் உட்காருகிற பலகை; பெயின்ட், தார், உப்பு எல்லாம் சேர்ந்து ஊறியது. கோதண்டம் கொண்டுவந்து வைத்தாராம், மரம் கடித்தால் கம்பியை விட்டுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. மனுஷன் உதவி செய்யத்தான் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் பெயின்ட் வயிற்றில் போனால் பிராணி செத்துப்போகும் என்று சொன்னபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“முப்பது வருசம் அது மேல உக்காந்து சோறு துன்னுகிறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு?”

எல்லம்மாவின் பறி

அறுகம்புல் அறுத்துக் காயவைத்துக் கொடுப்பவள் எல்லம்மா. ஏரியில் தண்ணீர் இறங்குகிற நாளில் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே இறால் பிடிப்பாள். மற்ற நாளில் எனக்குப் புல். இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருப்பதால், பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னின பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு பிடிப்பார்கள். முப்பது வயதுதான் இருக்கும். அவளோடு பேசி ஜெயித்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. தேவகி வீட்டில் புல் போட வந்தவள் கூண்டைப் பார்த்தாள். வெளிச்சம் வந்ததிலிருந்து கடி பாதியாகக் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. “ஏரியில எறங்காத நாள்ல எனக்கே பல்லு நமநமங்குது. வாய்க்கு வேலைய குடுக்காம கம்பிய கடிக்காதேன்னா அது இன்னா பண்ணும்?” என்றாள்.

மறுநாள் உள்ளங்கை அளவில் இரண்டு பச்சைப் பனையோலைப் பறிகள் பின்னிக்கொண்டு வந்தாள். உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து, வாயை முடிந்திருந்தாள். குஞ்சம் ஒன்றைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, உட்கார்ந்தது, வேலையை ஆரம்பித்தது. ஓலை ஓலையாகக் கிழித்து, புல்லை உருவி, மத்தியானம் வரைக்கும் தலை நிமிரவில்லை. பக்கத்துக் கூண்டில் ராணியும் அதே. தினமும் ஆளுக்கொரு பறி என்று பேசிக்கொண்டோம். அன்றைக்குக் கோதண்டம் விடாமல் நாலு மணி நேரம் தூங்கினார். அதை ஊரெல்லாம் போய்ச் சொன்னவள் எல்லம்மாதான்.

“எங்க நைனா காலத்துலேர்ந்து பறியில எறா புடிச்சோம். இப்ப பறிய போட்டு ஆம்பளைங்களுக்குத் தூக்கம் புடிச்சுக் குடுக்கறோம்!”

தொட்டிக்குள் சந்திப்பு

பன்னிரண்டாம் நாள் சகோதரிகளைச் சேர்த்து வைக்க நாள் குறித்தோம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும். ராஜு கடையிலிருந்து மீன் படாத புதுத் தொட்டி வந்தது. நான் கையில் தடித்த துண்டோடு, சண்டை வந்தால் நடுவில் போட. தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கத்தை விட்டுவிட்டுக் கோதண்டமும் வந்து நின்றார்.

முதலில் இரண்டும் இரண்டு மூலையில். அப்புறம் நடுவில் வந்து பின்னங்காலில் எழுந்து நின்று, குஸ்திக்காரர்கள் மாதிரி கையால் தள்ளிக்கொண்டன. ராணி ஒரு உதை விட்டாள். குஞ்சம் கீச்சென்றது. துண்டை ஓங்கினேன். அதற்குள் குஞ்சம் தலையைத் தாழ்த்தியது. ராணி அதன் பிடரி முடியை மெல்லக் கோத ஆரம்பித்தாள். பிறகு இரண்டும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு குருவி மாதிரி விடாமல் கிலுகிலுவென்று பேசத் தொடங்கின. தேவகி வீடியோ எடுத்து ரேவதிக்கு அனுப்பினாள்; அந்தப் பக்கம் அவள் அழுகிறாள், இந்தப் பக்கம் இவள் அழுகிறாள். கோதண்டம் மட்டும் காதைத் தேய்த்துக்கொண்டார்.

“அப்போ எனக்கு இனிமே டபுள் சத்தமா?”

பாடு

அப்படி ஆகவில்லை. ராஜுவின் மூன்றடுக்குக் கூண்டில் இரண்டும் ஏறுவது, இறங்குவது, சட்டியில் ஒன்றாக அடைந்துகொள்வது, பறியைக் கிழிப்பது என்று நாள் போயிற்று. நாற்பது தடவை கடித்தது ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் ஒன்றே ஒன்றில் வந்து நின்றது: பிற்பகல் தீனி நேரமான மூன்றரைக்கு. தீனி ஐந்து நிமிடம் தாமதித்தால் கம்பியில் வாயை வைத்துவிடும். பழகின பழக்கம் முழுசாகப் போகாது, கண்டுகொள்ளாதே, வாயை எடுத்த பிறகு போடு என்று தேவகியிடம் சொல்லிவைத்திருந்தேன். கோதண்டம் கெடுவை வாபஸ் வாங்கவில்லை. பாடு முடியட்டும், அன்றைக்கு என் தூக்கம் கெடக் கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

பதினெட்டாம் நாள் தேவகி மகளைப் பார்க்க விடியற்காலையிலேயே சென்னைக்குப் போனாள். மூன்று மணிக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. கோதண்டம் ஒன்பது மணிக்குப் படுத்தார். நாலு மணிக்குப் பங்காளி படகோடு கரையில் நிற்பார். ஓதத்துக்கு முன்னால் போய் வலை கட்ட வேண்டும். இரண்டு மாதத் தூக்கம் மொத்தமும் அன்றைக்குச் சேர்ந்து வந்தது. அலாரம் வைத்திருந்த போனில் சார்ஜ் போய்விட்டது. தேவகியின் பஸ் பொன்னேரி தாண்டி நின்றுவிட்டது. மூன்றரை ஆயிற்று, புல் வரவில்லை. குஞ்சம் ஒரு கம்பியைப் பிடித்தது, ராணி அடுத்ததைப் பிடித்தாள். அரை மணி நேரம் கடித்த பிறகுதான் கோதண்டத்தின் காதில் விழுந்தது, அதுவும் திட்டுவதற்காகத்தான் எழுந்தாராம். வாயைத் திறந்துகொண்டு பின்பக்கம் வந்தவர், சுவரில் வெயில் சாய்ந்திருந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம். படகில் கால் வைத்தபோது பங்காளி கோலை ஊன்றித் தள்ள ஆரம்பித்திருந்தாராம்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தார். கண் சிவந்துதான் இருந்தது, ஆனால் முகம் வேறு. தாமரை இலையில் கட்டிய பெரிய இறால் பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். “அண்ணே, ஓடறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு எதாச்சும் போட்டீங்களா?” அவர் ராஜு கடைப் பக்கம் பார்த்தார். “ரெண்டு கை புல்லு அள்ளிப் போட்டேன்.” “கடிச்சுகினு இருக்கும்போதா?” “கடிச்சுகினு இருக்கும்போதுதான்.” பதினெட்டு நாள் தவம்! கடித்தால் கிடைக்கும் என்று மறுபடியும் முதல் பாடத்தைப் படித்துவிட்டிருக்குமே என்று நான் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தீவு, சவுக்குத் தோப்பு, பூனை எதையும் பேசவில்லை. படியில் இறங்கிய பிறகு திரும்பினார்.

“எழுப்பி வுட்டவங்களுக்கு ஒரு வாய் போடாம ஓடுனா அது இன்னா மனுசத்தனம், எலியக்கா? மூணர மணி கடிய மட்டும் வுட்டுடு. அது எனக்கும் அதுங்களுக்கும் நடுவுல இருக்கட்டும்.”

ஆக, என்னைப் போல் அவதிப்படுகிறவர்களே, ஜோடியைச் சேருங்கள், வெளிச்சம் காட்டுங்கள், வாய்க்கு வேலை கொடுங்கள், அதற்குப் பிறகும் மிஞ்சுகிற அந்த ஒரு கடிக்கு, கோதண்டத்தைப் போல நீங்களே பழகிக்கொள்ளுங்கள்.